பட்டியலில் காணாமல் போன அன்னா



போன செவ்வாய்க்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள் மின்னஞ்சலைத் திறந்தேன். மூன்றே வரியில் ஒரு கடிதம் வந்திருந்தது. பதினான்கு மாதங்களுக்கு முன் நான் எழுதிய புகார் சரிசெய்யப்பட்டுவிட்டது, அடுத்த பதிப்பில் அந்தக் குறை இருக்காது, ஆகவே புகார் முடிக்கப்படுகிறது என்று சொன்னது.

முப்பத்தெட்டு வருடம் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவன் நான். எத்தனையோ கோப்புகளை ‘முடிக்கப்பட்டது’ என்று எழுதி, நாடாவால் கட்டி, அலமாரியில் ஏற்றியிருக்கிறேன். மனு கொடுத்தவன் இடத்தில் உட்கார்ந்து அந்தச் சேதியைப் பெற்றது இதுதான் முதல் தடவை. வீட்டம்மாவிடம் சொன்னேன். “எந்த ஆபீசுங்க அது? இத்தனை மரியாதையா பதில் போடறாங்க?” என்று கேட்டாள். ஆபீஸ் எதுவும் இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டாள். உங்களுக்காவது விவரமாகச் சொல்கிறேன்.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பிறந்தது புதுச்சேரி. பள்ளிப் படிப்பு முழுக்கப் பிரெஞ்சில். தமிழை வீட்டிலும் தெருவிலும் கற்றேன், ஆங்கிலத்தை வேலைக்குப் போன பிறகு கோப்புகளில் இருந்து பொறுக்கிக்கொண்டேன். ஓய்வு பெற்றதும் வீட்டம்மாவின் ஊரான மதுக்கரைக்கு வந்துவிட்டோம். தர்மலிங்கேஸ்வரர் மலை தெரிகிற மாதிரி ஒரு திண்ணை, பாலக்காட்டுக் கணவாயின் காற்று, பென்ஷன். வேறென்ன வேண்டும்?

கணினி விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கணினிகளில் விண்டோசோடு ‘பாஸ்’ என்ற லினக்சும் இருந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்ட இந்திய லினக்ஸ் அது. பெரும்பாலான பிள்ளைகள் அந்தப் பக்கம் போகவே இல்லை. என் பேத்தி கல்லூரி முடித்து வேறு கணினி வாங்கியபோது பழையது எனக்கு வந்தது. தெருவில் ஒரு தம்பி அதில் எடை குறைந்த வேறொரு லினக்சைப் போட்டுக் கொடுத்தார். இந்தப் பக்கத்தில் நீங்கள் படிக்கும் கட்டுரைகள் எல்லாம் அதில் தட்டியவைதான், தமிழ்99 விசைப்பலகையில்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் படிப்பகத்துக்கு வந்து போகும் நண்பர் ஒருவர் காலமானார். பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் வீட்டில் இருந்து எழுநூறு சொச்சம் புத்தகங்களைப் படிப்பகத்துக்குக் கொடுத்தார்கள். பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கென்று ஒரு சிறு நிரல் என் லினக்சில் இருந்தது. தலைப்பு, ஆசிரியர், அலமாரி எண் என்று ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒரு மாதம் ஆனது. கடைசியில் ‘அகர வரிசைப்படுத்து’ என்ற பொத்தானை அழுத்தி, அச்செடுத்து, அட்டை போட்டு மேசையில் வைத்தோம்.

இரண்டு மாதம் கழித்து நண்பரின் மனைவி வந்தார். “ஏனுங்கண்ணா, அன்னா கரேனினான்னு ஒரு புத்தகம். அதுல அவரு பென்சில்ல ஓரமா ஏதோ எழுதி வெச்சிருந்தாருங்க. ஒருக்கா பாத்துட்டுத் தந்தர்றனுங்க” என்றார். படிப்பகத்தில் இருந்த பையன் பட்டியலை எடுத்தான். தமிழ் நன்றாகப் படித்த பையன். ‘அ’ பகுதியின் கடைசிக்குப் போனான். ‘அன்’ அங்கேதானே இருக்க வேண்டும்? அங்கே இல்லை. “அந்தப் புத்தகம் வரலீங்கம்மா” என்று சொல்லிவிட்டான். அம்மணி ஒன்றும் பேசாமல் போய்விட்டார். பழைய பேப்பர்காரனுக்குப் போன கட்டில் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாராம். தானே கட்டிக் கொடுத்த கட்டு அது என்று இரண்டு ராத்திரி தூங்கவில்லை என்று பிற்பாடு என் வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்குச் சேதி வந்ததும் மறுநாள் போய்ப் பார்த்தேன். புத்தகத்தை நான் என் கையால் தட்டியது நினைவிருந்தது. பட்டியலை முதல் வரியில் இருந்து விரல் வைத்துப் படித்தேன். ‘அந்தமான்’ என்று தொடங்கும் ஒரு தலைப்புக்கும் ‘அப்பா’ என்று தொடங்கும் ஒரு தலைப்புக்கும் நடுவில் அன்னா உட்கார்ந்திருந்தாள்.

ஏன் அங்கே? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது சுவையான விஷயம்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. உலக மொழிகளுக்கெல்லாம் எண் கொடுத்தது யூனிகோடு. 1991-ல் தமிழுக்கு எண் கொடுத்தபோது, இஸ்கி என்ற இந்திய அட்டவணையைப் பின்பற்றினார்கள். அது எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே அச்சில் வார்த்த அட்டவணை. அதனால் நம் ‘ன’ போய் ‘ந’வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது. ‘ற’ போய் ‘ர’வுக்குப் பக்கத்தில். ‘ள’வும் ‘ழ’வும் ‘வ’வுக்கு முன்னால். புள்ளியின் எண்ணோ எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பிறகு வருகிறது.

இதில் யூனிகோடைத் திட்டிப் பயன் இல்லை. எண் வேறு, அகர வரிசை வேறு, வரிசைப்படுத்தும்போது அந்தந்த மொழியின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் அவர்களும் சொல்கிறார்கள். அதற்கான விதிகளையும் தனியே வைத்திருக்கிறார்கள். நான் பயன்படுத்திய நிரல் அந்த விதியைத் திறந்து பார்க்காமல் வெறும் எண்ணை வைத்து அடுக்கிவிட்டது. தப்பு அங்கேதான்.

பிரெஞ்சில் படித்தவனுக்கு இது உடனே புரியும். பிரெஞ்சில் ‘எ’ ஓசைக்கு மேலே கோடு போட்ட எழுத்து உண்டு. பள்ளிக்கூடம் என்பதற்கான ‘எக்கோல்’ அந்த எழுத்தில்தான் தொடங்கும். வெறும் எண்ணை வைத்து அடுக்கினால் அந்தச் சொல் அகராதியின் கடைசியில், ‘ஸெரோ’வுக்கும் பின்னால் போய் நிற்கும். எந்தப் பிரெஞ்சுக்காரனாவது அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பானா? சண்டைக்கு வந்துவிடுவான்.

பட்டியலில் ஓர் எழுத்து இடம் மாறினால் என்ன ஆகும் என்பதை நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருடமே பார்த்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் உண்டு. பத்து வருடத்துக்கு ஒரு முறை அவற்றுக்கு அகர வரிசையில் பெயர்ப் பட்டியல் போடுவது அவர்கள் வழக்கம். ஓர் அலுவலகத்தில் அந்தப் பதிவேடுகள் என் பொறுப்பில் இருந்தன. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்று சொல்லி ஒரு பெரியவர் வந்தார். பிறப்புச் சான்று வேண்டும், அது இல்லாமல் அங்கிருந்து எந்தக் காகிதமும் நகராது. மூன்று தடவை வந்து மூன்று தடவையும் ‘பெயர் இல்லை’ என்ற பதிலோடு போயிருக்கிறார்.

அவர் பெயர் ‘உ’வில் தொடங்கும். ‘உ’ ஒலியைப் பிரெஞ்சில் ‘ஓ’, ‘யு’ என்று இரண்டு எழுத்தாக எழுதுவார்கள். ஆகவே ‘ஓ’ எழுத்தின் கீழே தேட வேண்டும். நைந்துபோன அந்தப் பட்டியலை யாரோ ஆங்கிலம் படித்தவர் திரும்பப் பிரதி எடுக்கும்போது, ஆங்கில வழக்கப்படி ‘யு’வில் சேர்த்துவிட்டார். பதிவேட்டில் மனிதர் இருக்கிறார், பட்டியலில் இல்லை. நான் பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கண்டுபிடித்தேன். அவர் அழுதுவிட்டார். என் மேலதிகாரி எனக்கு அன்று சொன்னதை மறக்கவில்லை: தப்பான இடத்தில் எழுதப்பட்டவன் இறந்தவனுக்குச் சமம்.

ஆகவே அன்னாவைக் கண்டுபிடித்ததோடு நான் விட முடியாது. என் பட்டியலைக் கையால் திருத்திவிட்டேன். அம்மணி வீட்டுக்குப் புத்தகத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனால் அந்த நிரல் இருக்கிறதே? அதை வேறு எந்த ஊரில், எந்தப் படிப்பகத்தில், எந்தப் பள்ளியில் வைத்துத் தமிழ்ப் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்களோ? அங்கெல்லாம் ஒரு அன்னா தொலைந்துகொண்டிருப்பாள்.

தெருத் தம்பிதான் வழி சொன்னார். “ஐயா, இதுக்கு ‘பக்’ ரிப்போர்ட் போடலாங்க.” ‘பக்’ என்றால் பூச்சி. தமிழில் இதை ‘வழு’ என்கிறார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நல்ல பழைய சொல். வழு, வழாநிலை, வழுவமைதி என்று நம் இலக்கணத்தில் வருவதுதான்.

என் முதல் மனுவை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. ‘தங்கள் நிரலில் தமிழ் வரிசை முற்றிலும் தவறு. இது மிகப் பழமையான மொழிக்கு இழைக்கப்பட்ட அவமரியாதை. உடனடியாக ஆவன செய்யவும்’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் அரைப் பக்கம். அலுவலகத்தில் எனக்கு அப்படி வந்த மனுக்களை நான் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்க்கவில்லை.

இரண்டு நாளில் பதில் வந்தது. மன்னிக்கவும், புரியவில்லை, கூடுதல் விவரம் தேவை என்று பணிவாக எழுதியிருந்தார் ஒருவர். எனக்குக் கோபம். விவரம் என்ன விவரம், பார்த்தால் தெரியாதா? தெரியாதுதான். அவருக்கு நம் எழுத்தெல்லாம் சுழியும் வளைவும். நமக்கு ஜார்ஜிய எழுத்து எப்படியோ அப்படி.

டெபியன் என்ற லினக்சில் புகார் எழுத உதவும் ஒரு நிரல் உண்டு. அது நம்மிடம் கேட்கும் கேள்விகள் நாலே நாலு. என்ன சூழ்நிலையில் இது நடந்தது? நீங்கள் சரியாக என்ன செய்தீர்கள்? என்ன விளைந்தது? அதற்குப் பதில் என்ன விளைய வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள்? இதைப் படித்தபோது, முதல் வருடம் எனக்குக் குறிப்பு எழுதச் சொல்லிக்கொடுத்த மேலதிகாரியே எதிரில் வந்து நிற்பது போல இருந்தது. பெயர் அடைமொழி எதுவும் வேண்டாம், நடந்ததை நடந்த வரிசையில் எழுது என்பார்.

எழுநூறு புத்தகத்தையும் அனுப்பவில்லை. பன்னிரண்டே சொற்களை எடுத்துக்கொண்டேன். தமிழ் முறைப்படி இப்படி வர வேண்டும்: அக்கா, அகம், அந்தி, அப்பா, அம்மா, அரசு, அலை, அவன், அழகு, அளவு, அறம், அன்பு. நிரல் கொடுத்தது இப்படி: அகம், அக்கா, அந்தி, அன்பு, அப்பா, அம்மா, அரசு, அறம், அலை, அளவு, அழகு, அவன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பொதி, எந்தப் பதிப்பு, கணினியின் மொழி அமைப்பு என்ன என்று குறித்து அனுப்பினேன். முதலில் பிரெஞ்சில் எழுதிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றினேன். என் ஆங்கிலத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

இந்தத் தடவை வந்த பதிலில் ஒரு கேள்வி இருந்தது. ‘இதில் எது சரியான வரிசை என்று எப்படி உறுதி செய்வது? எனக்குத் தமிழ் தெரியாது.’

நியாயமான கேள்வி. திண்ணையில் உட்கார்ந்து ஒரு பகல் முழுக்க யோசித்தேன். பிறகு எழுதினேன். எங்கள் மிகப் பழைய இலக்கண நூலான தொல்காப்பியமே எழுத்துகள் அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடிகின்றன என்று வரையறுத்துவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகப் பேரகராதி வெளியிட்டது. அதிலும் மெய்களில் ‘ன’தான் கடைசி. எங்கள் ஊர் ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலும் அதே வரிசை. கூடவே வீட்டில் இருந்த அகராதியின் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினேன். நன்றி, இப்போது புரிகிறது என்று பதில் வந்தது. நிரலை மூலத்தில் எழுதியவர்களுக்கு அனுப்பியிருப்பதாகவும் சொன்னார். அதன் பிறகு நீண்ட அமைதி. நடுவில் ஒரே ஒரு நினைவூட்டல் போட்டேன். போன செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது.

‘பொதி’ என்று சொன்னேனே, அது என்ன? லினக்ஸ் என்பது ஒரே ஆள் சமைத்த சாப்பாடு இல்லை. உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் தனித்தனியாக எழுதிய நிரல்களைச் சேகரித்து, சோதித்து, ஒன்றோடொன்று மோதாமல் கட்டிக் கொடுக்கிறார்கள். அப்படிக் கட்டிய ஒவ்வொரு மூட்டையும் ஒரு பொதி. கட்டுவது பெரும்பாலும் சம்பளம் இல்லாத தொண்டர்கள். இயன் மர்டாக் என்பவர் 1993 ஆகஸ்டில் தொடங்கியது டெபியன். அவர் பெயரையும் டெப்ரா என்ற தோழியின் பெயரையும் சேர்த்து வைத்த பெயர். உபுண்டுவும் நம் பாஸும் அதன் வழி வந்தவைதான். 2023-ல் வந்த டெபியனின் 12-ஆம் பதிப்பில் 64,000 பொதிகளுக்கு மேல். இத்தனையையும் கட்டுகிறவர்கள் எல்லா மொழியும் படித்துப் பார்க்க முடியுமா?

அவர்கள் 1997-ல் தங்களுக்கென்று ஒரு சமுதாய ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். அதில் மூன்றாவது வாக்குறுதி, குறைகளை மறைக்க மாட்டோம் என்பது. வருகிற ஒவ்வொரு புகாருக்கும் எண் உண்டு. அந்தக் கோப்பு முழுவதையும், யார் என்ன எழுதினார் என்பது உட்பட, உலகில் யாரும் எப்போதும் படிக்கலாம். 2021-ல் அந்த எண் பத்து லட்சத்தைத் தொட்டது. வெட்கப்பட்டு ஒளிக்கவில்லை, பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். நம் நாட்டில் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005-ல். கோப்பைக் காட்டு என்று கேட்டுப் பெறவே நமக்கு அத்தனை காலம் ஆனது. அங்கே யாரும் கேட்காமலே கோப்பு திறந்திருக்கிறது. எழுத்தனாக வாழ்நாளைக் கழித்தவனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களில் சிலருக்காவது புரியும்.

புகார்களுக்குத் தர வரிசையும் உண்டு, ஏழு படிகள். கணினியையே கவிழ்த்துவிடும் குறை உச்சியில், இப்படி இருந்தால் நன்றாக இருக்குமே என்ற ஆசை கடைசியில். என்னுடையது நடுவில் ‘சாதாரணம்’ என்று வைக்கப்பட்டது. ‘சரிசெய்ய மாட்டோம்’ என்ற குறிப்போடு சில நிற்கும். அதற்கும் காரணம் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு வழுவமைதிதான் நினைவுக்கு வந்தது. பிழைதான், ஆனாலும் காரணம் கருதி ஏற்றுக்கொள்வது.

இப்போது என் கருத்து.

நாம் குறை சொல்வதில் குறைந்தவர்கள் இல்லை. டீக்கடையில் சொல்கிறோம், வாட்ஸ்அப்பில் சொல்கிறோம், கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் சொல்கிறோம். தமிழ் எழுத்து கணினியில் உடைந்து தெரிந்தால், ‘தமிழ்னா இப்படித்தான்’ என்று சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் தட்டப் போய்விடுகிறோம். திருத்தக்கூடியவரின் காதில் மட்டும் சொல்வதில்லை. என் பட்டியல் நிரல் எத்தனை வருடமாகத் தமிழைத் தப்பாக அடுக்கிக்கொண்டிருந்ததோ! என் புகாரை அனுப்பும் முன் தேடிப் பார்த்தேன். தமிழ் வரிசை பற்றி அதில் ஒருவர்கூட ஒரு வரி எழுதியிருக்கவில்லை.

2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து குறுஞ்செய்தியாக வந்தால் ஐபோன் செயலிகள் விழுந்துவிடும் என்று உலகச் செய்தியானது. சில நாளில் சரிசெய்தார்கள். போன் விழுந்தால் உலகமே கத்தும். அகர வரிசை கோணினால் கத்துவதற்கு அந்த மொழிக்காரனை விட்டால் வேறு நாதி இல்லை. வாளையாறு தாண்டினால் கேரளம். அங்கே பள்ளிகளில் லினக்சையே வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற குழு தங்கள் எழுத்துக்காக இருபது வருடத்துக்கு மேலாக இந்த மாதிரி வேலைகளைச் செய்து வருகிறது. தமிழிலும் ஆட்கள் இருக்கிறார்கள். 2012 முதல் ‘கணியம்’ என்ற மின்னிதழ் இதையெல்லாம் தமிழிலேயே சொல்லித் தருகிறது. ஆனால் எட்டுக் கோடிப் பேருக்கு அவர்கள் எத்தனை பேர்?

சிலர் கேட்கிறார்கள், இலவசமாகக் கொடுத்ததில் குறை சொல்லலாமா என்று. அன்னதானத்தில் சாம்பாரில் உப்பில்லை என்று பரிமாறுகிறவர் காதில் மெதுவாகச் சொன்னால் அது குறையா? அடுத்த பந்திக்குச் செய்கிற உதவி. இலையைத் தள்ளிவிட்டு எழுந்து போவதுதான் அவமரியாதை.

ஆனால் சொல்லும் விதம் முக்கியம். அதற்கு ஓர் எச்சரிக்கைக் கதை இருக்கிறது. ‘எக்ஸ்-இசட்’ என்று ஒரு சிறு பொதி, கோப்புகளைச் சுருக்கித் தருவது. கிட்டத்தட்ட எல்லா லினக்சிலும் இருக்கும். அதைத் தனி ஆளாக ஒருவர் சம்பளம் இல்லாமல் பல வருடம் பார்த்து வந்தார். களைத்துப்போயிருந்தார். 2022-ல் யாரென்றே தெரியாத சில பெயர்கள் வந்து, ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடு என்று விடாமல் நச்சரித்தன. அவரும் உதவிக்கு வந்த ஒரு ‘நல்லவரிடம்’ பொறுப்பைப் பகிர்ந்துகொண்டார். அந்த நல்லவர் இரண்டு வருடம் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, உலகத்துச் சர்வர்களுக்கெல்லாம் கள்ளச்சாவி போடும் வழியை அந்தப் பொதிக்குள் ஒளித்து வைத்தார்.

கண்டுபிடித்தவர் ஆந்த்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர். டெபியனின் ‘நிலையற்ற’ பதிப்பில் வேலை செய்துகொண்டிருந்தவர், கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை வினாடி! நாமாக இருந்தால் ‘கரண்ட் சரியில்லை’ என்று விட்டிருப்போம். அவர் தோண்டிப் பார்த்து, ஆதாரத்தோடு எழுதி, 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலோர் பயன்படுத்தும் நிலைப் பதிப்புகளுக்குள் அந்தப் பொதி போவதற்கு முன்பே தடுத்துவிட்டார்கள்.

இந்தக் கதையில் இரண்டு விதமான புகார்களும் இருக்கின்றன. நச்சரித்த புகார் ஒரு நல்ல மனிதரைச் சோர்வடைய வைத்துத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. கவனித்து எழுதிய புகார் அந்தக் கதவைச் சாத்தியது. என் முதல் மனு எந்த வகை என்று எனக்கே தெரியும். அதை வாங்கிப் படித்துவிட்டுப் பணிவாகப் பதில் போட்டவருக்கு நான் பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

எல்லாப் புகாருக்கும் முடிவு வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். வருடக் கணக்கில் தூங்கும் புகார்கள் ஏராளம். கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு கொடுத்துவிட்டு நாம் காத்திருப்பதில்லையா? அதே பொறுமை இங்கேயும் வேண்டும். ஆனால் மனு பதிவில் இருக்கிறது. நாளைக்கு இன்னொருவர் வந்து தேடினால், தான் தனி ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

நிரல் என்பது இனிப் பிள்ளைகள் விளையாட்டுச் சமாச்சாரமும் இல்லை. நம் மதுக்கரைக் காட்டில் யானைகள் ரயிலில் அடிபடாமல் இருக்க, 2024 பிப்ரவரியில் 12 கோபுரங்களில் கேமரா வைத்து, யானை தண்டவாளத்தை நெருங்கினால் எச்சரிக்கும் கணினி ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். ரேஷன், பட்டா, பென்ஷன், ஆயுள் சான்று எல்லாம் ஏதோ ஒரு நிரலின் கையில்தான் இருக்கிறது. அது தடுமாறினால் ‘சிஸ்டம் அப்படித்தான் காட்டுது’ என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சொல்வார்கள். சிஸ்டம் வானத்தில் இருந்து விழுந்தது இல்லை. ஒரு மனிதர் எழுதியது, இன்னொரு மனிதர் சொன்னால் திருந்தக்கூடியது.

இதைப் படிக்கும் உங்களில் பலர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். ஆசிரியர், தபால்காரர், மில்லில் சூப்பர்வைசர், சிமென்ட் ஆலைக் கணக்கர். நமக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் ஒரு தப்பைப் பார்த்தால் தப்பென்று தெரியும், நடந்ததை வரிசையாக எழுதத் தெரியும், பதில் வரும்வரை காத்திருக்கவும் தெரியும். நேரமும் இருக்கிறது. இந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமான ஆட்கள் யார்? ஆங்கிலம் தடுமாறினால் வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்கள் கணினியிலோ போனிலோ தமிழ் உடைந்தால், எந்த நிரல், எந்தப் பதிப்பு, என்ன செய்தீர்கள், என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை படிப்பகத்துக்கு எடுத்து வந்தால் சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம். நான் அங்கேதான் இருப்பேன்.

அம்மணி அந்தப் புத்தகத்தைப் பத்து நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பென்சிலில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். “வேண்டாங்கண்ணா, அவரு புத்தகமெல்லாம் ஒண்ணா இருக்கட்டும். இப்பத்தான் எங்க இருக்குதுன்னு தெரியுமே” என்றார்.

புத்தகம் மூன்றாம் அலமாரியில் இருக்கிறது. பட்டியலில் ‘அ’ வரிசையின் கடைசிப் பக்கத்தில் பாருங்கள்.